மோட்டாரை நிறுத்துங்கள்

வீரலட்சுமிக்குத் தன் புருஷனிடம் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "சரி." கெட்ட வார்த்தை பேசுகிற புருஷனைக்கூட எப்பாடுபட்டாவது திருத்திவிடலாம். எதற்கெடுத்தாலும் சரி சொல்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. தண்ணி லாரி வந்துச்சா என்று கேட்டால் சரி. மத்தியானத்துக்குக் குழம்பா ரசமா என்றால் சரி. ஒருநாள் வெறுத்துப்போய், அடுப்பைப் பார்த்தபடியே, "மாடி வீட்டுக்காரரோட ஓடிப் போகலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்ம், சரி" என்றான் பூபதி. மாடி வீட்டுக்காரர் என்பவர் மேலே குடியிருக்கும் நாராயணம்மாவின் கணவர். பேரன் பேத்தி எடுத்தவர், மூட்டு வலிக்காரர். அவரோடு ஓடுவதென்றால் வீரலட்சுமிதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதையெல்லாம்கூடச் சிரித்துத் தொலைத்துவிடலாம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவன் சொன்ன சரியைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அவள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரில் புது யூனிட் திறக்கப்போகிறது. லைன் லீடராக வருகிறாயா, ஹாஸ்டல் உண்டு, லீவு முடிந்து வந்ததும் பதில் சொல் என்று மேடம் கேட்டிருந்தார். அன்றைக்குப் பாத்திரம் விளக்கிக்கொண்டே, "ஏங்க, என்னைய ஸ்ரீபெரும்புதூர் போகச் சொல்றாக. ரெண்டு வருசம் அங்கதான் இருக்கணும். போகட்டுமா?" என்றாள். கேட்டுவிட்டு, ஏற்கெனவே விளக்கின டம்ளரையே மறுபடி விளக்கிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து வந்தது பதில்: "சரி."

ஏன், எதற்கு, நான் என்ன ஆவேன், ஒன்றும் கிடையாது. கட்டின பெண்டாட்டி ஊரைவிட்டுப் போகிறேன் என்கிறாள், மனுஷன் ஊறுகாயை நக்கிக்கொண்டு சரி என்கிறான். இவனுக்கு நான் வேண்டாமாகிவிட்டேன் என்று முடிவு கட்டினாள்.

வேறு மாதிரி நினைக்க அவளுக்கு வழியும் இல்லை. ஓசூரில் அவர்கள் குடியிருந்தது சிப்காட்டுக்குப் பின்னால், நெடுஞ்சாலையை ஒட்டிய லைன் வீட்டில். பெங்களூர் போகிற லாரியெல்லாம் அவர்கள் ஜன்னலை உலுக்கி நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். பக்கத்தில் பஞ்சர் கடை கம்ப்ரஸர். மாடியில் நாராயணம்மாவின் தெலுங்கு சீரியல். எதிர் வீட்டில் கன்னடத்தில் சண்டை போடும் ஒரு தம்பதி. சானமாவுக் காட்டு யானை ஒன்று வழி தவறி இந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், நிலவரத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடும் என்பது வீரலட்சுமியின் கணிப்பு.

பூபதி பேசினாலே கத்துவான். அதுவும் அவளுக்கு வினோதமாகப் படவில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் அவன் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். மாமனார் குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு பேரம் பேசி வளர்த்த தொண்டை. மாமியார் மாந்தோப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்த வீட்டில் வெட்டுக்குத்து நடக்கப்போகிறது என்று பயந்து வீரலட்சுமி மூலையில் ஒண்டிக்கொண்டாள். அவர்கள் உப்பு டப்பா எங்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மனுஷனைத்தான் அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். அவள் சிவகாசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே கம்பெனி. அவள் இன்ஸ்பெக்‌ஷனில், அவன் பிரஸ் ஷாப்பில், தகடுகளை அமுக்கி வெட்டும் ராட்சச மிஷின்களுக்கு நடுவில். கேண்டீனில் அவள் பேசினால் மற்ற ஆண்கள் செல்போனைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், பார்க்கக்கூடாத இடத்தையும் பார்ப்பார்கள். பூபதி ஒருத்தன்தான் கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டான். ஒரு ஆள் இப்படிக் கேட்டால் எந்தப் பெண் விழமாட்டாள்? விழுந்தாள். இரண்டு வீட்டிலும் அழுது அரற்றிச் சம்மதம் வாங்கினார்கள். புருஷன் பெண்டாட்டி ஒரே கம்பெனியில் கூடாது என்றதால் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். கேண்டீன் போனது, அந்தப் பார்வையும் போனது. சமையலறையில் அவள் முதுகும், தட்டைப் பார்த்தபடி அவனும்தான் மிச்சம்.

சீண்டினால்கூட ஏன் என்று கேட்காதவன். பிரஸ் ஷாப்பில் காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுக் குமிழ் கொடுப்பார்கள். பூபதி அதைக் காதைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் வைத்தான். முக்கியமாக, வீட்டு வாசல் நிலையில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஒட்டியிருந்தான். "இது என்னங்க, கதவுக்கு அம்மை போட்ட மாதிரி?" என்று கூட்டிக்கொண்டே கேட்டாள். சரி என்றான்.

அப்படிப்பட்டவன் திடீரென்று தானாகவே வாயைத் திறந்தான். "வீரா, ஆயுத பூசை லீவுக்குக் கடலுக்குப் போலாமாடி?"

அவனோடு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் பிரகாஷ் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். 'யாருமே அறியாத அமைதியான கடற்கரை.' அதை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"ராம்நாட்டுக்கு அந்தாண்ட கொக்குமுனைன்னு ஒரு ஊராம். ஒரு சத்தம் கெடையாதாம். லாரி கெடையாது, பிரஸ்ஸு கெடையாது. ரெண்டு நாளு படுத்துனு இருந்தா மண்டைக்குள்ள இருக்கறதெல்லாம் எறங்கிடுமாம்."

வீரலட்சுமி சம்மதித்தாள். அவளுக்கு வேறு கணக்கு. அங்கே லாரி இல்லை, கம்ப்ரஸர் இல்லை, காதில் விழவில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அந்த ஊரில் வைத்து இன்னொரு தடவை கேட்பாள். அங்கேயும் சரி என்று சொன்னால், ஸ்ரீபெரும்புதூருக்குப் பெட்டி கட்டிவிட வேண்டியதுதான்.

மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு மூட்டை பொரியும் கொடுத்துக் கம்பெனி கதவை மூடினார்கள். அந்தப் பொரி மூட்டையையும் தூக்கிக்கொண்டுதான் பூபதி பஸ் ஏறினான். மதுரை தாண்டும்வரை அவன் கொறித்தான், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கொக்குமுனை டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். இறங்கினதும் வீரலட்சுமிக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. அப்படி ஓர் அமைதி. ஒரே தெரு, இரண்டு பக்கமும் தென்னை, தெரு முடிகிற இடத்தில் கடல். அந்தக் கடலும் ஊர் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அடக்கித்தான் வாசித்தது. சின்னச் சின்ன அலையாக வந்து, கரையில் ஸ்ஸென்று பரவி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி திரும்பிப் போனது. டீக்கடைக்காரர் சர்க்கரையைக் கலக்குகிற சத்தம் பஸ் நிறுத்தம்வரை கேட்டது.

அந்த ஊரில் பூபதி வாயைத் திறந்தான்.

"அக்கா! ரூமு இருக்குதா! போன் பண்ணிருந்தனே, ஓசூரு பூபதி!"

திடுக்கிட்டுப் போன நாய் ஒன்று எழுந்து தெருவைக் கடந்து ஓடியது. வீட்டு மாடி அறையை வாடகைக்கு விடும் முத்துராக்கு அக்கா, கருவாடு காயவைத்த கையோடு வெளியே வந்தார்.

"வாங்கண்ணே, வாத்தா. நான் இங்கனதான் நிக்கேன், மெதுவாவே சொல்லலாம்."

"ஆமாங்க்கா! கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆவுது! கொழந்த இல்ல, பாத்துனு இருக்கறோம்! இவளுக்குக் கத்திரிக்கா மட்டும் ஒத்துக்காது, ஒடம்பெல்லாம் தடிச்சிரும்!"

வீரலட்சுமி பூமி பிளக்காதா என்று பார்த்தாள். மணல்தான் இருந்தது. மதியம் சோறு வாங்கப் போனபோது, டீக்கடைக்காரர் கேட்காமலே, "ஒங்களுக்குக் கத்திரிக்கா இல்லாம எடுத்து வச்சிருக்கேன்" என்றார். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பிள்ளை வரத்துக்குப் பக்கத்து ஊர் அம்மனை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஓசூரில் அவர்கள் எத்தனை வருடம் கத்தியும் வெளியே போகாத குடும்ப ரகசியம், கொக்குமுனையில் கால் வைத்த அரை நாளில் முழுக்கப் பரவிவிட்டது.

சாப்பிட்டுப் படுத்தார்கள். கேட்டுவிடலாம் என்று வீரலட்சுமி வாய் எடுப்பதற்குள் பூபதி எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னாடி அது, கீய்ன்னு?"

"எது?"

"கீய்ய்ன்னு ஒரு சத்தம். ஏதோ மோட்டார் ஓடுது பாரு."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். தென்னை ஓலை, ஒரு காக்கை, கடலின் ஸ்ஸ். வேறெதுவும் இல்லை. இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் விடவில்லை. ஓசூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது மோட்டார் சத்தம் கேட்கவா என்று கோபமாகக் கீழே இறங்கினான்.

"அக்கா! ஃபிரிட்ஜ கொஞ்சம் நிறுத்துங்க!"

முத்துராக்கு அக்கா நல்ல மனுஷி. விருந்தாளி சொல்கிறாரே என்று நிறுத்தினார். உள்ளே ஒரு வஞ்சிர மீன் இருந்தது, அதன் தலைவிதி அன்றே முடிவானது. சத்தம் போகவில்லை. டீக்கடை டியூப்லைட்டை அணைத்தார்கள். போகவில்லை. ஐஸ் கம்பெனியின் சின்ன கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். போகவில்லை. கொக்குமுனையில் எதுவும் நடந்து நாளாகியிருந்ததால் ஊரே உற்சாகமாகச் சேர்ந்துகொண்டது. பூபதி ஒவ்வொரு வீட்டு முன்பும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான். பின்னால் வந்தவர்களும் தலையைச் சாய்த்தார்கள்.

"ஆமா, எனக்கும் லேசாக் கேக்குது" என்றார் ஒருவர், மரியாதைக்காக.

"இது இன்னைக்கு நேத்து இல்ல, நாலஞ்சு வருசமா இருக்கு" என்றார் இன்னொருவர்.

அம்மனைச் சொன்ன பெரியவர் கடலைக் கை காட்டி, சத்தம் இலங்கையிலிருந்து வருகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

கடைசியில் வெள்ளைச்சாமி வந்தார். ஊர்த் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், கரண்டு விஷயத்தில் கொக்குமுனைக்கு அவர்தான் எல்லாம். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், சட்டைக் கையை மடித்தார்.

"டிரான்ஸ்பார்மர்தான். அது எரையும். ஒரு நிமிசம் ஆஃப் பண்ணிக் காட்டுறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நீளக் கம்பியால் கைப்பிடியை இழுத்தார். கொக்குமுனை முழுக்கக் கரண்டு போனது. மின்விசிறி நின்ற வீட்டிலிருந்தெல்லாம் மிச்சமிருந்த ஆட்களும் வெளியே வந்தார்கள். இப்போது ஊரே தெருவில். ஒரு குழந்தை தும்மியது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பூபதி டிரான்ஸ்பார்மரைப் பார்த்தபடி, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான்.

"இப்பவும் கேக்குது" என்றான்.

வீரலட்சுமி அவனுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றாள். அணைக்க இனி எதுவும் மிச்சமில்லை. அப்படியானால் அந்தச் சத்தம் எங்கே ஓடுகிறது? தண்ணி லாரி நினைவுக்கு வந்தது. மாடி வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். விளக்கின டம்ளர் நினைவுக்கு வந்தது. கேட்டபோதெல்லாம் அவள் முதுகுதானே இருந்தது அவன் பக்கம்.

"ஏங்க" என்றாள். அவன் திரும்பவில்லை.

அவள் ஊரில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள்தான், ஆனாலும் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூட ஆதார் அட்டையை நீட்டிவிடுவாள். இப்போது அவன் முதுகைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பூபதி."

தெருவே திரும்பி அவளைப் பார்த்தது. முத்துராக்கு அக்கா மோவாயில் கை வைத்தார். பூபதி டிரான்ஸ்பார்மரைப் பார்த்தான்.

"டேய் பூபதி. எரும மாடு."

வெள்ளைச்சாமி கையில் இருந்த கம்பியைக் கீழே விட்டுவிட்டார். பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த ஊரில் அதைக் கேட்காத ஒரே ஆள் பூபதிதான். அவன் தலையைச் சாய்த்து, ரொம்ப அக்கறையாக, இல்லாத மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீரலட்சுமிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. முத்துராக்கு அக்கா மெதுவாக அவள் தோளைத் தொட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டினார். வீரலட்சுமி தலையசைத்தாள். வெள்ளைச்சாமி குனிந்து கம்பியை எடுத்துக் கரண்டைப் போட்டார். டிரான்ஸ்பார்மர் உர்ரென்று உயிர் பெற்றது.

"ம். இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்குது" என்றான் பூபதி, திருப்தியாக.

மறுநாள் காலை அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடைக்காரப் பெண்கள் ஆளாளுக்குக் கூவினார்கள், தலைக்கு மேல் காக்கைகள் வேறு. இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்து நின்ற பூபதி, "பாத்தியா வீரா, பிரகாஷ் சொன்ன மாதிரியே. ஒரு சத்தம் இல்ல" என்றான்.

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் அவனை உட்காரவைத்தாள். எதிரே நின்று, அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னையப் பாருங்க. காது எத்தனை நாளாக் கேக்கல?"

அவன் வாய் பழக்கத்தில் "ச" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றது. முகம் சுருங்கிப்போனது. திருட்டு மாங்காயோடு மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"கேக்காம இல்லடி. நீ மூஞ்சியக் காட்டிப் பேசுனா எல்லாம் புரியுது. திரும்பிட்டன்னாதான், வாய்ல துணிய வெச்சுனு பேசற மாதிரி இருக்குது."

"கம்பெனியில வருசா வருசம் காது டெஸ்ட் எடுக்காகல்ல?"

"எடுப்பாங்க. வண்டி வரும். காதுல மாட்டி வுட்டு, சத்தம் கேட்டா பொத்தான அமுக்கச் சொல்லுவாங்க. டெஸ்ட் எடுக்கற தம்பி வெரலு அசையறதப் பாத்து நாங்கல்லாம் அமுக்கிருவம். பெயிலாயிட்டா பிரஸ்ஸ வுட்டுத் தூக்கி, கம்பெனி கேட்டாண்ட பூச்செடிக்குத் தண்ணி ஊத்த வெச்சிருவாங்க. மானம் போயிடும்ல?"

"ஷாப்புல எல்லாருமா இப்பிடி?"

"பிரகாஷு அன்னைக்கு மட்டும் கண்ணாடி போட்டுனு வருவான். வெரலு நல்லாத் தெரியும்னு."

காது சோதனைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிற கூட்டம். வீரலட்சுமிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"காதுல வைக்கக் குடுத்ததக் காதுல வச்சிருந்தா இந்தக் கதி வந்துருக்குமா? அதக் கொண்டாந்து கதவுல ஒட்டி வச்சிருக்கீக. அது எதுக்கு?"

"நைட்டு ஷிப்டு முடிஞ்சு வரும்போது அந்தக் கதவு டமால்னு அடிக்கும். நீ எந்திரிச்சிருவ. நீ அஞ்சு மணிக்குக் கெளம்பணும்ல."

"டமால்னு அடிக்கிறது ஒங்களுக்குக் கேக்குமா?"

"எனக்கு எங்கடி கேக்குது? நீ தூக்கத்துல திடுக்குனு புரள்ற. அதப் பாத்தன்."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, வாய் தெரியாவிட்டால் அவனுக்குப் புரியாதே என்று நினைவு வந்து முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப எல்லாத்துக்கும் சரி சரின்னீகளே?"

"இன்னாதுன்னு கேட்டா மறுக்காச் சொல்லுவ. மறுக்காவும் புரியலன்னா செவிடன்னு தெரிஞ்சிரும். சரின்னுட்டா ஒரு பிரச்னையும் இல்ல."

"ஒரு பிரச்னையும் இல்லையா? மாடி வீட்டுக்காரரோட ஓடிப் போறேன்னேன். அதுக்கும் சரின்னீக."

பூபதி உண்மையாகவே திகைத்துப்போனான். "அந்தாளு கூடவா? மாடிய வுட்டே எறங்க மாட்டானேடி!"

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவள் விடவில்லை. நேற்று மாலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த ஒன்று மிச்சமிருந்தது. அதையும் கேட்டாள்.

"கேண்டீன்ல என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பீகளே. அதுவும் காதுக்குத்தானா? வாயப் படிக்கத்தானா?"

பூபதி பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை. தெரிந்திருந்தால் சரியைவிட நல்லதாக நாலு வார்த்தை கண்டுபிடித்திருப்பான். மணலைக் காலால் கிளறினான்.

"மொத நாளு காதுக்குத்தான்" என்றான். "ஆனா நீ பேசி முடிச்சு, டிபன் பாக்ஸ மூடி, எந்திரிச்சுப் போவியே. அப்பவும் பாத்துனேதான் இருந்தன். அது எதுக்காம்?"

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும், இனித் தள்ளிப்போட முடியாது. பிரஸ் ஷாப்பில் சத்தத்துக்கு நடுவே இவர்கள் பேசுவது அவளுக்குத் தெரியும். குரலே வராது, உதடு மட்டும் அசையும். அதே மாதிரி, சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். என்னை, ஸ்ரீபெரும்புதூருக்கு, ரெண்டு வருசம் போகச் சொல்கிறார்கள். போகட்டுமா?

அவன் உதட்டையே பார்த்திருந்தான். புரியப் புரிய அவன் முகம் மாறியது.

"இது எப்பக் கேட்ட?"

"போன வாரம். பாத்திரம் வெளக்கும்போது."

"நான் இன்னா சொன்னன்?"

"வேற என்ன சொல்வீக?"

பூபதி வள்ளத்தைவிட்டு எழுந்தான். அவனுடைய அப்பனும் பாட்டனும் சந்தையில் பழக்கி வைத்த தொண்டை மொத்தமாகத் திறந்தது.

"சரியில்லடி! அது சரி இல்ல! என்ன வுட்டுட்டுப் போவாத!"

காக்கைகள் எழும்பின. ஏலக்காரர் கேட்டுக்கொண்டிருந்த விலையை மறந்தார். நண்டுக் கூடையும் கையுமாக அத்தனை பெண்களும் திரும்பி நின்றார்கள். வீரலட்சுமிக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. மூன்று வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, இப்படி ஊர் கூட்டி வந்து சேர்ந்திருக்கிறது. வந்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு.

"லீடர் வேலை" என்றாள், அவன் சட்டையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு. "எனக்கு ஆசையா இருக்கு. அதையும் சொல்லணும்ல."

அவன் மூச்சு வாங்க நின்று யோசித்தான்.

"அப்ப போலாம். நானும் வர்றன். ஹாஸ்டலு வாணாம், வூடு பாக்கலாம். அங்கயும் பிரஸ் ஷாப்பு எத்தினியோ இருக்குது."

"பிரஸ் ஷாப்புன்னு இன்னொரு வாட்டி வாயத் தொறந்தீக, நானே கால ஒடிச்சு வள்ளத்துல ஏத்தி விட்டுருவேன். மொதல்ல கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி. காது டெஸ்ட் எடுக்கையில கண்ணக் கட்டச் சொல்லி நான் பக்கத்துலயே நிப்பேன். அப்பறம் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துனாலும் பரவால்ல."

"பூச்செடிக்கா?" என்றான் அவன் பரிதாபமாக.

"அதான் எங்க கூப்புட்டாலும் வாறேங்குறாருல்லத்தா!" என்று ஏலத்துப் பக்கமிருந்து ஒரு நண்டுக்காரம்மா குரல் கொடுத்தார். "கூட்டிட்டுப் போ. இங்கன ஏவாரம் கெடுது!"

சிரிப்பு எழுந்தது. ஏலக்காரர் மறுபடி கூவ ஆரம்பித்தார். வெட்கம் தாங்காமல் வீரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு தெருவைப் பார்த்து வேகமாக நடந்தாள். பூபதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். நேற்று அவனுக்காகக் கரண்டை நிறுத்திய டிரான்ஸ்பார்மர் தெருமுனையில் இரைந்துகொண்டிருந்தது. டீக்கடையில் பால் பொங்கும் வாசனை வந்தது.

"டீ குடிச்சுட்டுப் போவமா?" என்றாள், முன்னால் நடந்தபடியே, பழக்க தோஷத்தில் திரும்பாமல்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதோ அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வரப்போகிறது என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டாள். அது வரவில்லை. மணலில் சரசரத்து வந்த காலடி நின்றுவிட்டது.

"வீரா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டான் பூபதி. "இன்னாவோ சொன்ன. கேக்கல. திரும்பிச் சொல்லு!"